அலுமாரியில் கிடக்கும் மினி டீவீ கசட்டுகள்: கணினியில் ஏற்ற எந்த வழி நல்லது?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று எந்தப் பக்கம் போனாலும், 2000ஆம் ஆண்டை ஒட்டி வீடியோ எடுத்துப் பழகிய வீடுகளில் ஒரு பிஸ்கட் டின்னோ சப்பாத்துப் பெட்டியோ இருக்கும். உள்ளே உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கசட்டுகள். மத்திய கிழக்கில் வேலை செய்த சித்தப்பா வாங்கி வந்த கமராவில் எடுத்தவை, அல்லது டவுன் ஸ்டூடியோக்காரர் கல்யாணத்தில் எடுத்து அப்படியே கொடுத்துவிட்டுப் போனவை. மாரியம்மன் தேர், மாசி மாதத்துக் காமன் கூத்து, அக்காவின் சாமத்தியச் சடங்கு, பாடசாலை விளையாட்டுப் போட்டி, லயத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் அப்பாயி எல்லாம் அதற்குள் இருக்கிறார்கள்.

கசட் பழுதாகிவிடுமே என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என் பயம் வேறு. கசட் இன்னும் சில காலம் தாங்கும். அதை ஓட்டும் கமராவும், கமராவின் கேபிளை வாங்கிக்கொள்ளும் கணினியும்தான் வேகமாக மறைகின்றன. மினி டீவீ 1995இல் வந்தது. இன்று அந்தக் கமராவை யாரும் புதிதாகச் செய்வதில்லை, நாடாவைப் படிக்கும் அதன் வீடியோ ஹெட்டை மாற்றித் தரும் கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் எந்த வழியில் ஏற்றுவது என்ற கேள்வியை அடுத்த தீபாவளிக்குத் தள்ளாமல் இந்த வருஷமே முடிவு செய்வது நல்லது.

முதலில் கையில் இருப்பது என்ன கமரா?

எல்லாக் கமராவுக்கும் ஒரே பதில் கிடையாது. மெமரி கார்டிலோ உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலோ பதியும் கமரா என்றால் வேலை சுலபம். யூஎஸ்பி கேபிளைப் போட்டால் கோப்புகள் தெரியும், நகல் எடுத்தால் முடிந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2006க்குப் பிறகு வந்த ஏவிசிஎச்டி வகைக் கமராக்கள் நீண்ட காட்சியைத் துண்டு துண்டான கோப்புகளாக வைத்திருக்கும். வீடியோக் கோப்பை மட்டும் பொறுக்கி எடுக்காமல் முழு ஃபோல்டரையும் அப்படியே நகல் எடுங்கள். துண்டுகளை வரிசையாகச் சேர்க்கும் விவரம் மற்றக் கோப்புகளில் இருக்கிறது.

8 சென்டிமீட்டர் குட்டி டிவிடியில் பதியும் கமரா என்றால், கணினியில் போடுவதற்கு முன் அந்தக் கமராவிலேயே டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் போட்டால் கணினி டிஸ்க் காலி என்று சொல்லும். பலர் அதை நம்பி வீசிவிடுகிறார்கள். காட்சி உள்ளேயேதான் இருக்கும்.

மிச்சம் இரண்டு வகை. ஒன்று மினி டீவீ. மற்றது சோனி 1999இல் கொண்டுவந்த டிஜிட்டல் 8. இது கொஞ்சம் பெரிய 8 மில்லிமீட்டர் கசட்டில் அதே டிஜிட்டல் தரவைப் பதிகிறது. சில டிஜிட்டல் 8 மாடல்கள் அதற்கும் முந்திய ஹை 8 கசட்டையும் ஓட்டி, அதே கேபிளில் டிஜிட்டலாக மாற்றித் தரும். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள், எத்தனையோ வீட்டுக் கசட்டுக்கு அது உதவும். இனிச் சொல்லப்போவது இந்த இரண்டு வகைக்கும் பொருந்தும்.

இவற்றுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: ஃபயர்வயர் கேபிள், ஏவி கேபிளோடு ஒரு கேப்சர் டாங்கிள் (கமராவின் படத்தைக் கணினிக்குள் எடுத்துத் தரும் சின்ன யூஎஸ்பி கருவி), ஸ்டூடியோவில் கொடுப்பது, தொலைக்காட்சியில் ஓட்டவிட்டு ஃபோனில் பிடிப்பது. கடைசி வழியை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். திரை மினுங்கும், கோடு ஓடும், அடுப்படியில் குக்கர் அடிக்கும் சத்தமும் சேர்ந்து பதிவாகும். வேறு எதுவுமே கைகூடாத நாளில் மட்டும் அதைச் செய்யுங்கள். மற்ற மூன்றைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஃபயர்வயர்: தேடித் திரிந்தாலும் பெறுமதியான வழி

கமராவின் பக்கவாட்டில் ரப்பர் மூடியைத் திறந்தால் 'டீவீ' என்றோ 'ஐ.லிங்க்' என்றோ எழுதிய, நான்கு பின் உள்ள சின்னத் துவாரம் ஒன்று இருக்கும். ஃபயர்வயர் என்பதும் அதுதான். சோனி வைத்த பெயர் ஐ.லிங்க்.

இந்த வழியை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கசட்டில் ஏற்கெனவே இருப்பது டிஜிட்டல் தரவு, செக்கனுக்கு 25 படம், ஒவ்வொன்றும் 720க்கு 576 புள்ளி. ஃபயர்வயர் அந்தத் தரவை எடுத்து அப்படியே கணினியில் வைக்கிறது. படத்தைத் திரும்பச் சுருக்குவதும் இல்லை, நிறத்தை மாற்றுவதும் இல்லை. கசட்டில் இருந்தது எதுவோ அதுவே கோப்பிலும் இருக்கும். மணித்தியாலத்துக்குச் சுமார் 13 கிகாபைட் வரும். 60 நிமிடக் கசட் ஏற 60 நிமிடம் ஆகும். ஓடி முடியும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. படத்தோடு சேர்ந்து, எடுத்த தேதியும் நேரமும் தரவாகப் பதிந்திருக்கிறது. திரையில் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும். ஃபயர்வயரில் வரும்போது அதுவும் கூடவே வரும். வின்டீவீ என்ற இலவச மென்பொருள் அந்தத் தேதியைப் பார்த்து, கமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்த ஒவ்வொரு காட்சியையும் தனித்தனிக் கோப்பாக வெட்டி, பெயரிலேயே தேதியைப் போட்டுவிடும். திருவிழாவில் காப்புக்கட்டு எந்த நாள், தேர் எந்த நாள், அப்பாயி கடைசியாகக் கோயிலுக்கு வந்தது எந்த வருஷம் என்று வீட்டில் விவாதம் வந்தால் கோப்பின் பெயரைப் பார்த்தால் போதும். கமராவின் கடிகாரத்தை அன்றைக்குச் சரியாக வைத்திருந்தால்தான் இது பொருந்தும். கடிகாரத்துக்கான சின்ன பட்டரி செத்துப்போய் எல்லாக் காட்சியிலும் ஒரே பழைய வருஷம் காட்டும் கசட்டுகளும் உண்டு. ஏவி கேபிளில் போனால் இந்தத் தேதித் தரவு வரவே வராது.

சரி, சிக்கல் எங்கே? இன்றைய மடிக்கணினி எதிலும் இந்தத் துவாரம் கிடையாது. கமராவில் யூஎஸ்பி துவாரமும் இருக்கிறதே, அதில் போட்டால் என்ன என்று கேட்பார்கள். பெரும்பாலான மினி டீவீ கமராக்களில் அந்த யூஎஸ்பி, மெமரி கார்டில் எடுத்த ஃபோட்டோக்களை இறக்கவும் வெப் கமரா போலச் சின்னப் படமாகக் காட்டவும் வைத்தது. முழுத்தர வீடியோவை யூஎஸ்பியில் தரும் மாடல்கள் கொஞ்சம்தான். கையேட்டில் தெளிவாகச் சொல்லியிருந்தால் ஒழிய நம்ப வேண்டாம்.

அதைவிட மோசமான ஏமாற்றம் ஒன்று உண்டு. ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை நான்கு பின் ஃபயர்வயர் என்று ஒரு கேபிள் மலிவாக விற்கிறார்கள். அது வேலை செய்யாது. இரண்டும் வேறு வேறு முறையில் பேசும் இணைப்புகள், நடுவில் மாற்றித்தர எதுவும் இல்லாத வெறும் கம்பி அது. யார் காட்டினாலும் வாங்காதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? மலையகத்தில் எனக்குத் தெரிந்து மிகச் சுலபமான பதில் ஒரு பழைய கணினிதான். 2003க்கும் 2010க்கும் இடைப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில் நான்கு பின் ஃபயர்வயர் இருந்தது, சோனி வாயோவில் நிச்சயம் பார்க்கலாம். டவுனில் கணினி திருத்தும் கடையின் மூலையில், மூடிப்போன கொமியுனிகேஷன் கடையில், பட்டப்படிப்புக்குக் கொழும்பு போன அண்ணன் விட்டுப்போன பையில் இப்படி ஒன்று கிடைக்கும். விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறதா? ரொம்ப நல்லது. எக்ஸ்பி இந்தக் கமராக்களைத் தானாகவே அடையாளம் காணும், டிரைவர் தேட வேண்டியதில்லை. இணையத்தில் இணைக்காமல் இந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பியோடு வரும் மூவி மேக்கரில் ஏற்றுவதானால், தரம் கேட்கும் இடத்தில் 'டீவீ ஏவிஐ' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அது தானாகக் காட்டுவதை விட்டுவிட்டால் சுருக்கிய கோப்பாகப் பதிந்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி, உள்ளே செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு. கொழும்பு யூனிட்டி பிளாசாவிலோ இணையத்திலோ தேட வேண்டும். விண்டோஸ் 10இல் பல கார்டுகளுக்கு மைக்ரோசொஃப்டின் பழைய டிரைவரைத் தனியாக இறக்கிப் போட வேண்டியிருக்கும். மேக் வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள். 2025இல் வந்த மேக் ஓஎஸ் 26 ஃபயர்வயரையே கைவிட்டுவிட்டது. அதற்கு முந்திய பதிப்பில் ஓடும் மேக் கையில் இருந்தால் இந்த வேலை முடியும்வரை புதுப்பிக்காதீர்கள். லினக்ஸ் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் டீவீகிராப் என்ற கட்டளை ஒன்று போதும்.

கேபிளைச் செருகும்போது கமராவை அணைத்திருங்கள். கணினிப் பக்கம் ஆறு பின் உள்ள பெரிய முனையாக இருந்தால் அதில் மின்சாரமும் வரும். தலைகீழாக அமுக்கிச் செருகினால் கமராவின் அந்தத் துவாரமே கருகிப் போகலாம். போனால் இந்த வழியே அடைந்துவிடும்.

ஏவி கேபிளும் டாங்கிளும்

மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள கேபிள் கமராவோடு வந்திருக்கும். அதை ஒரு யூஎஸ்பி கேப்சர் டாங்கிளில் செருகி, டாங்கிளைப் புதிய மடிக்கணினியில் போட்டால் படம் வந்துவிடும். ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம், பதிவதற்கு அதுவே போதும். டாங்கிள் மலிவு, எங்கும் கிடைக்கும். இதுதான் இதன் பெரிய பலம்.

ஆனால் நடப்பதைப் பாருங்கள். கசட்டில் இருக்கும் டிஜிட்டல் படத்தைக் கமரா அனலொக்காக மாற்றி மஞ்சள் கம்பியில் அனுப்புகிறது. டாங்கிள் அதை மறுபடி டிஜிட்டலாக்குகிறது. பிறகு மென்பொருள் சுருக்குகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் போகும். எங்கே தெரியும் என்றால் கல்யாண வீடியோவில் மணப்பெண்ணின் கூறைப்புடவையில் தெரியும். சிவப்பு, புடவையின் ஓரத்தைத் தாண்டிப் பக்கத்தில் கசிந்து நிற்கும். ஜரிகைக் கரையில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். பனி மூடிய தேயிலை மலையைத் தூரத்திலிருந்து எடுத்த காட்சியில் சாம்பல் நிறம் படிக்கட்டு மாதிரி பிரியும். தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்துப் பழகியவர்கள் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள், பெரிய திரையில் பார்க்கும் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

கமராவில் எஸ் வீடியோ துவாரம் இருந்தால் மஞ்சளுக்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள். நிறமும் வெளிச்சமும் தனித்தனிக் கம்பியில் போவதால் அந்தக் கசிவும் புள்ளியும் நன்றாகக் குறையும். டாங்கிளில் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை, 720க்கு 576, செக்கனுக்கு 25 என்று வைக்க வேண்டும், நம் நாட்டுக் கமராக்கள் பால்தான். வேறு அளவு வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ நீள அகலம் பிசகியோ வரும். மலிவு டாங்கிள்களில் நேரம் போகப்போகச் சத்தம் படத்தை விட்டு விலகுவதும் உண்டு. மணப்பெண் உதடு அசைந்த பிறகு குரல் கேட்கும். கசட்டை ஒரே மூச்சில் பதியாமல் பதினைந்து இருபது நிமிடத் துண்டுகளாகப் பதிந்தால் அது குறைவாகத் தெரியும்.

அப்படியானால் இந்த வழி யாருக்கு? கமராவின் ஃபயர்வயர் துவாரம் பழுதானவர்களுக்கு. அனலொக் ஹை 8, விஎச்எஸ் கசட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, அவர்களுக்கு இதில் இழப்பதற்கு அதிகம் இல்லை. பழைய கணினியை வருஷக்கணக்காகத் தேடிக் காத்திருப்பதை விட இதுவாவது செய்துவிடுவது நல்லது என்று நினைப்பவர்களுக்கும்தான். அவர்கள் நினைப்பது சரி என்றே நானும் சொல்வேன். கமரா நின்றுபோன பிறகு ஃபயர்வயர் கணினி கிடைத்து என்ன பயன்? ஆனால் டாங்கிளில் ஏற்றிய கையோடு கசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஸ்டூடியோவில் கொடுத்தால்

வேலைக்குப் போகிறவர்கள், கமராவே இல்லாதவர்கள் பலருக்கு இதுதான் நடைமுறை. கல்யாண வீடியோ எடுத்து வந்த பழைய ஸ்டூடியோக்களில் மினி டீவீ கசட்டை ஓட்டும் டெக்கும் ஃபயர்வயர் போட்ட கணினியும் இன்னும் இருக்கலாம். நல்ல கையில் கொடுத்தால் வீட்டில் செய்வதை விடச் சுத்தமாக வரும்.

சிக்கல் கேட்பதில் இருக்கிறது. "இந்தக் கசட்டை மாற்றித் தாங்க" என்று மட்டும் சொன்னால் டிவிடியாகத் தருவார்கள். ஒரு டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட். 13 கிகாபைட் தரவை அதற்குள் அடக்க எம்பெக் 2 முறையில் சுருக்கியாக வேண்டும். எழுதிய டிவிடியும் நம் ஈரத்தில் நெடுங்காலம் தாங்காது. புதிய மடிக்கணினிகளில் அதைப் போடத் தட்டும் இல்லை. சில இடங்களில் முன்னால் தலைப்பும் பூப்போட்ட சட்டமும் பின்னால் சினிமாப் பாட்டும் சேர்த்துத் தருகிறார்கள். தாத்தா பேசிய பேச்சு பாட்டுக்குள் மூழ்கிப் போகும்.

ஆகவே வாசலிலேயே தெளிவாகக் கேளுங்கள். ஃபயர்வயரில் ஏற்றுவீர்களா? எனக்கு வெட்டாத, ஒட்டாத டீவீ ஏவிஐ கோப்பு வேண்டும், தருவீர்களா? ஒரு மணித்தியாலக் கசட்டுக்கு 13 கிகாபைட் அளவில் வருமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அவருக்கு விஷயம் தெரியும். ஒன்று இரண்டு கிகாபைட்தான் வரும் என்றால் அவர் சுருக்கித்தான் தருகிறார். ஹார்ட் டிஸ்க்கை நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள். எல்லாக் கசட்டையும் ஒரே தடவையில் கொடுக்காமல், முக்கியம் குறைந்த ஒன்றைக் கொடுத்து வேலையைப் பாருங்கள். பிறகு மற்றதைக் கொடுக்கலாம்.

கொழும்புக்கோ கண்டிக்கோ பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பச் சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது. ஒரே பிரதி உள்ள கசட் அது. கையில் கொண்டுபோய்க் கொடுத்து, கையில் வாங்கி வாருங்கள். ஒவ்வொன்றிலும் பெயரும் எண்ணும் எழுதி, அதையே ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்குங்கள். ஸ்டூடியோக்களில் கசட்டை அழித்துத் திரும்பப் பயன்படுத்தும் பழக்கம் முன்பு பரவலாக இருந்தது.

ஈரம், பனி, கரண்ட்

எந்த வழியைப் பிடித்தாலும் முதல் வேலை ஒன்றுதான். கசட்டின் முதுகில் இருக்கும் சின்ன நகர்த்தியை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள். அப்போது கமராவில் தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது. ஒரு நகத்தின் நுனியால் முடியும் காரியம்.

அடுத்தது பூஞ்சணம். கசட்டின் ஜன்னல் வழியே வெளிச்சத்தில் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைத் தூளோ நூல்போன்ற படலமோ தெரிந்தால் அதைக் கமராவில் போடாதீர்கள். பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டும், பிறகு போடும் நல்ல கசட்டுக்கும் பரவும். அந்தக் கசட்டைத் தனியே வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். சுத்தமாக இருக்கும் கசட்டை ஒரு தடவை கடைசிவரை வேகமாக ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுப் போட்டால், வருஷக்கணக்காக ஒட்டிக் கிடந்த நாடா இளகி ஓடும்.

கமராவும் ஈரத்துக்குப் பயந்தது. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் விடியற்காலைக் குளிரில் கிடந்த கமராவை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர்த்துளி படியும். அப்போது துளி போன்ற ஓர் அடையாளம் திரையில் மினுங்கி, கமரா ஓட மறுக்கும். பழுதென்று நினைத்துப் பதற வேண்டாம். நாடா ஹெட்டில் ஒட்டிக் கிழியாமல் அது தன்னைக் காத்துக்கொள்கிறது. கசட் மூடியைத் திறந்து ஒரு மணித்தியாலம் வைத்தால் சரியாகிவிடும். அறை மாற்றுவதற்கு முன் பொலித்தீன் பையில் கட்டிவைத்து, சூடு சமமான பிறகு திறப்பது அதைவிட நல்லது.

எப்போது ஏற்றுவது என்பதற்குக் கொழுந்தையே கேட்கலாம். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காய்ந்து நல்ல தேயிலை வரும் காலம். கசட்டுக்கும் அதுதான் காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழையில் அங்கே துணியே காயாது. ஊவாப் பக்கம் அப்படியே மாறும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளையில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறட்டுக் காற்று வீசும், அப்போது செய்யுங்கள். கசட் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, அடுப்புப் புகை படாத அறையில் வையுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. இப்போது அப்படி இல்லை என்றாலும் மலையில் இடி விழுந்தால் கம்பி போகும். ஏற்றும்போது கமராவை முழுச் சார்ஜ் உள்ள பட்டரியில் ஓட்டுங்கள், கரண்ட் போனாலும் நாடா நடுவில் நிற்காது. சார்ஜர் கம்பியும் சேர்த்துச் செருகியிருந்தால் பல சோனி கமராக்கள் பட்டரியை எடுத்துக்கொள்வதில்லை. மடிக்கணினியானால் அதற்கும் பட்டரி இருக்கிறது, மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வேண்டும். இடி இடிக்கும் பின்னேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொன்று. ஒரு கசட்டில் 90 நிமிடம் பிடிக்கவென்று 'எல்பி' முறையில் எடுத்திருந்தால் அது எடுத்த கமராவிலேயே ஓடுவதுதான் நிச்சயம். வேறு கமராவில் போட்டால் கட்டம் கட்டமாக உடைந்து, சத்தம் விட்டு விட்டு வரும். பழைய கமராவை இரும்புக்குப் போடும் முன் இதை யோசியுங்கள். சாதாரணக் கசட்டிலும் கட்டங்கள் வந்தால் ஹெட்டில் அழுக்கு. அதற்கென்றே விற்கும் உலர் சுத்திகரிப்புக் கசட்டைப் பத்துச் செக்கன் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

ஏற்றிய பிறகு

பெரிய கோப்பை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. பென்டிரைவில் நேராகப் பதியாதீர்கள், கணினியின் உள் டிஸ்க்கில் பதிந்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் ஃபேட் 32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 கிகாபைட்டுக்கு மேல் போகாது, அது சுமார் 19 நிமிட வீடியோதான். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபோர்மட் செய்து கொள்ளுங்கள், எக்ஸ்பியும் படிக்கும், புதிய விண்டோஸும் படிக்கும். 500 கிகாபைட் டிஸ்க்கில் முப்பத்தைந்து கசட்டுக்கு மேல் அடங்கும்.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் ஹேண்ட்பிரேக்கில் எச்.264 முறையில் வேறொரு சின்னக் கோப்பு செய்யுங்கள். அப்போது 'டீஇன்டர்லேஸ்' செய்வதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தப்பு அடிக்கும் கை அசையும் இடத்திலெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரியும். ஒரு மணித்தியாலத்தை ஒன்றரை, இரண்டு கிகாபைட்டுக்குள் கொண்டுவரலாம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்விட்ட சொந்தங்களுக்கு அனுப்ப இந்தச் சின்னக் கோப்பையும் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அந்த வீடுகளில் இங்கே உள்ள கோயிலையும் லயத்தையும் நேரில் பார்க்காத ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. அவர்களுக்கு அனுப்புவதை ஒத்திப்போடாதீர்கள்.

மூலக் கோப்புக்கு இரண்டு டிஸ்க் வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் முழுதாக மண்ணுக்குள் போயின. சரிவில் வாழும் நமக்கு இரண்டாவது டிஸ்க் வேறு ஊரில், கொழும்பில் இருக்கும் தம்பியிடமோ டவுனில் இருக்கும் மச்சானிடமோ இருப்பதுதான் பொருத்தம். வருஷம் ஒரு தடவை வாங்கிப் போட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எந்தக் கசட்டை முதலில் ஏற்றுவது? கமரா எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. கல்யாணக் கசட்டுக்குச் சில சமயம் ஸ்டூடியோவிடமோ மாப்பிள்ளை வீட்டாரிடமோ இன்னொரு பிரதி இருக்கும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசியது, வீட்டுக்குள் சும்மா எடுத்தது, இடிந்துபோன லயம், இப்போது காடாகிவிட்ட மலை இவற்றுக்கு வேறு பிரதி எங்கும் கிடையாது. அவற்றை முதலில் போடுங்கள். ஏற்றும் அந்த ஒரு மணித்தியாலம் எப்படியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். அம்மாவையோ பெரியப்பாவையோ கூட வைத்துக்கொண்டு, தெரிகிறவர்கள் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று கேட்டு, கோப்பின் பெயரிலேயே ஒரு டெக்ஸ்ட் கோப்பில் தட்டி அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.